ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகும்?

உயர்நிலைப் பள்ளியில் எனக்கு ஆங்கிலக் கட்டுரையில் நல்ல மதிப்பெண் கிடைத்ததற்கு நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு காரணம். பக்கத்துக்கு ஒரு சொல். மேலே ‘ஹேப்பி’ என்று எழுதி, அதன் கீழே அதே பொருள் தரும் பதினைந்து சொற்கள். அடுத்த பக்கத்தில் ‘சேட்’. அதற்கடுத்து ‘வாக்’. ஒரே பத்தியில் ஒரு சொல்லை இரண்டு முறை எழுதக்கூடாது என்பது துணைப்பாட வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட விதி. உங்களில் பலரும் இதே விதியைக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள்.

அந்தப் பழக்கத்தோடுதான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அனைத்துலக உறவுகள் பாடத்தில் என் முதல் கட்டுரை கொரியப் போரைப் பற்றியது. முதல் வரியில் ‘சீஸ்ஃபயர்’ என்று எழுதினேன். அடுத்த வரியில் ‘ட்ரூஸ்’. மூன்றாவது வரியில் ‘ஆர்மிஸ்டிஸ்’. பத்தி முடியும் இடத்தில் ‘பீஸ்’. எதுவும் திரும்ப வரவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. திருத்தி வந்த தாளில் விரிவுரையாளர் நான்கு சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: “இவற்றில் எது நடந்தது?” மதிப்பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல விரும்பவில்லை.

நடந்தது ‘ஆர்மிஸ்டிஸ்’. 1953 ஜூலை 27ஆம் தேதி பன்முன்ஜோம் என்ற இடத்தில் ராணுவத் தரப்புகள் கையெழுத்திட்ட முறையான உடன்பாடு அது. சண்டையை நிறுத்துவோம், அரசியல் தீர்வைப் பிறகு பேசி முடிவு செய்வோம் என்பது அதன் சாரம். அந்த ‘பிறகு’ இன்றுவரை வரவில்லை. இரு கொரியாக்களுக்கும் இடையே அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. 1953ஆம் ஆண்டு உடன்பாட்டில் தென்கொரியா கையொப்பமிடவும் இல்லை. நானோ நான்காவது வரியில், சொல் திரும்ப வரக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, அங்கே அமைதி வந்துவிட்டதாக எழுதியிருந்தேன். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிவிட்டு, அதைச் சொல்வளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘சீஸ்ஃபயர்’, ‘ட்ரூஸ்’ ஆகிய சொற்களுக்கு எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட கறாரான சட்ட விளக்கம் கிடையாது. ஆனால் வழக்கில் அவற்றுக்கு வெவ்வேறு எடை உண்டு. ‘சீஸ்ஃபயர்’ என்றால் சுடுவது நிற்கிறது. அது சில மணி நேரத்துக்கும் இருக்கலாம், பல ஆண்டுகளுக்கும் இருக்கலாம். ‘ட்ரூஸ்’ கொஞ்சம் பழைய சொல். இரு தரப்பும் பேசி, ஒரு காரணத்துக்காகத் தற்காலிகமாக ஓய்வெடுக்கிறார்கள் என்ற நிறம் அதற்கு உண்டு. இதெல்லாம் தேர்வுக்கு மட்டும் தேவைப்படும் நுணுக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். காஸா செய்திகளைத் தொடர்ந்து படிக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் மாறியது.

2023 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெளியான அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அக்டோபர் 26ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் கேட்டது மனிதாபிமான ‘பாஸஸ்’, அதாவது இடைநிறுத்தங்கள். அந்தச் சொல்லை ஒருமையில் எழுதுவதா பன்மையில் எழுதுவதா என்பதே அவர்களிடையே பெரிய விவாதமானது. ஒருமையில் எழுதினால் சண்டை ஒரேயடியாக நிற்க வேண்டும் என்று கேட்பதுபோல் ஆகிவிடும் என்று சில நாடுகள் தயங்கின. பன்மையில் எழுதினால் நிறுத்தலாம், மீண்டும் தொடங்கலாம், மீண்டும் நிறுத்தலாம். இறுதியில் பன்மை வென்றது. அடுத்த நாள், அக்டோபர் 27, ஐநா பொதுச் சபை கேட்டது ‘ட்ரூஸ்’. நவம்பர் 15ஆம் தேதி பாதுகாப்பு மன்றம் கேட்டது மறுபடியும் ‘பாஸஸ்’. டிசம்பர் 12ஆம் தேதி பொதுச் சபை வலியுறுத்தியது ‘சீஸ்ஃபயர்’. அதற்கு 153 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. பொதுச் சபையின் அந்த இரண்டு தீர்மானங்களையும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஆதரித்தன.

அடுத்து வந்தது 2024 மார்ச் 25. பாதுகாப்பு மன்றத்தின் 2728ஆம் எண் தீர்மானம், ரமலான் மாதத்தில் உடனடிச் சண்டை நிறுத்தத்தைக் கோரியது. அது எத்தகைய நிறுத்தத்துக்கு இட்டுச் செல்ல வேண்டும் என்ற இடத்தில், வரைவில் முதலில் இருந்த சொல் ‘பெர்மனன்ட்’. வாக்கெடுப்புக்கு வந்தபோது அந்த இடத்தில் ‘லாஸ்டிங்’ என்று இருந்தது. என் நீல நோட்டில் இவை இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ‘பெர்மனன்ட்’ என்றால் நிரந்தரம், முடிவு இல்லாதது. ‘லாஸ்டிங்’ என்றால் நீடிப்பது. எவ்வளவு காலம் நீடித்தால் அது நீடித்ததாகும் என்று அந்தச் சொல் சொல்லாது. பழைய சொல்லையே திரும்பப் போட வேண்டும் என்று ரஷ்யா திருத்தம் கொண்டுவந்தது. ஒரு பெயரடைக்காகத் தனி வாக்கெடுப்பே நடந்தது. 3 நாடுகள் ஆதரவு, அமெரிக்கா எதிர்ப்பு, 11 நாடுகள் நடுநிலை. திருத்தம் தோற்றது. பிறகு ‘லாஸ்டிங்’ என்ற சொல்லோடு தீர்மானம் 14 வாக்குகளில் நிறைவேறியது; அமெரிக்கா வாக்களிப்பிலிருந்து விலகிக்கொண்டது.

எனக்கு இதில் வேறொரு சிக்கலும் இருந்தது. எங்கள் வீட்டில் பாட்டிக்குச் செய்தி சொல்வது என் வேலை. பாட்டிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. நான் கைப்பேசியில் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன். 2025 ஜனவரி 19ஆம் தேதி காஸாவில் ‘சீஸ்ஃபயர்’ தொடங்கியபோது, “போர்நிறுத்தம் வந்துடுச்சு பாட்டி” என்றேன். “அப்பாடா, போர் நின்னுடுச்சா” என்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மார்ச் 18ஆம் தேதி தாக்குதல்கள் மீண்டும் தொடங்கின. அன்று பாட்டி என்னிடம் கேட்டது: “போர் நின்னுடுச்சுன்னு நீதானே கண்ணு சொன்னே?”

நான் பொய் சொல்லவில்லை. எல்லாத் தமிழ்ச் செய்திகளும் பயன்படுத்தும் சொல்லைத்தான் நானும் பயன்படுத்தினேன். ஆனால் ஆங்கிலச் சொல்லில் நிற்பது துப்பாக்கிச் சூடு. தமிழ்ச் சொல்லில் நிற்பது போர். போதாக்குறைக்கு ‘சீஸ்ஃபயர்’, ‘ட்ரூஸ்’, ‘ஆர்மிஸ்டிஸ்’ மூன்றுக்கும் நாம் பெரும்பாலும் அந்த ஒரே சொல்லைத்தான் போடுகிறோம். ஐநாவில் தூதர்கள் வாரக்கணக்கில் சண்டை போட்டுப் பிரித்துவைத்ததை, என் மொழிபெயர்ப்பு அரை நொடியில் ஒன்றாக்கிவிட்டது.

இது ஏதோ தொலைதூர நாடுகளின் விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு, நம் வாசலிலேயே நடந்த ஒரு வழக்கு இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு வகுப்புப் பயிற்சி. பெட்ரா பிராங்கா வழக்கை இரண்டு அணிகளாகப் பிரிந்து மறுபடியும் வாதாட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது மலேசியத் தரப்பு. வீட்டில் சொன்னதும் அப்பா, “அடப்பாவி, நம்ம தீவ எடுத்துக் குடுத்துடாதே” என்று சிரித்தார்.

பெட்ரா பிராங்கா ஏறத்தாழ 137 மீட்டர் நீளமுள்ள ஒரு கருங்கல் பாறை. காற்பந்துத் திடலைவிடக் கொஞ்சம்தான் நீளம். மலேசியாவில் அதைப் பத்து பூத்தே என்பார்கள். போர்ச்சுகீசிய மொழியிலும் மலாயிலும் பொருள் ஒன்றுதான்: வெள்ளைப் பாறை. கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெளுத்ததால் வந்த பெயர். சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல்மைல் தூரத்தில், சிங்கப்பூர் நீரிணையின் வாயில் இருக்கிறது. ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல்மைல்தான். அதன்மேல் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851இல் செயல்படத் தொடங்கியது. அதை நிர்வகித்து வந்தது சிங்கப்பூர். 1979 டிசம்பரில் மலேசியா வெளியிட்ட வரைபடத்தில் அந்தப் பாறை மலேசியாவுக்குள் காட்டப்பட்டது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு இரு நாடுகளும் சேர்ந்தே ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போயின.

வழக்கின் நடுவில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. 1953 ஜூன் 12ஆம் தேதி, சிங்கப்பூரின் காலனித்துவச் செயலாளர் ஜொகூரில் இருந்த பிரிட்டிஷ் ஆலோசகருக்கு எழுதினார். சிங்கப்பூரின் கடல் எல்லையை வரையறுக்க வேண்டியிருக்கிறது, பெட்ரா பிராங்காவின் நிலை என்ன, அது குத்தகைக்கோ மானியமாகவோ கொடுக்கப்பட்டதா, ஜொகூர் அதை விட்டுக்கொடுத்ததா, இதற்கு ஆவணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. பெட்ரா பிராங்காவின் ‘ஓனர்ஷிப்’பை ஜொகூர் அரசாங்கம் கோரவில்லை என்று அதில் இருந்தது. அவ்வளவுதான், மிகச் சிறிய கடிதம்.

அந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வழக்கு ‘சாவரின்டி’ பற்றியது, அதாவது இறையாண்மை பற்றியது. கடிதத்தில் இருப்பதோ ‘ஓனர்ஷிப்’, உடைமை. இரண்டும் ஒன்றா? எங்கள் வீவக வீடு அப்பாவுக்குச் சொந்தம். (99 ஆண்டுக் குத்தகை எந்த அளவுக்குச் சொந்தம் என்று அப்பாவும் சித்தப்பாவும் தீபாவளிக்குத் தீபாவளி வாதாடுவார்கள், அதை விடுங்கள்.) அதனால் எங்கள் வரவேற்பறையில் அப்பா சட்டம் இயற்ற முடியாது. அம்மா விடவும் மாட்டார். மலேசியர் ஒருவர் இங்கே கூட்டுரிமை வீடு வாங்கினால் அந்த மாடி மலேசியா ஆகிவிடாது. இன்னும் நல்ல சான்று தஞ்சோங் பகார் ரயில் நிலையம். அந்த நிலையமும் அங்கிருந்து வடக்கே போகும் தண்டவாள நிலமும் 2011 ஜூன் 30 வரை மலேயன் ரயில்வேயின் கையில் இருந்தன. ஆனால் அந்த நிலத்தின் மீது இறையாண்மை சிங்கப்பூருக்கே இருந்தது.

ஆகவே என் வாதம் எளிது. ஜொகூர் விட்டுக்கொடுத்தது, அப்படி ஏதும் இருந்தால், பாறையின் உடைமையைத்தான், இறையாண்மையை அல்ல. உண்மையான வழக்கிலும் மலேசியா இந்த வாதத்தை முன்வைத்தது. அதோடு, அப்போது ஜொகூரின் வெளியுறவு பிரிட்டனின் கையில் இருந்ததால், அப்படி ஒரு கடிதம் எழுத அந்த அதிகாரிக்கு அதிகாரமே இல்லை என்றும் சொன்னது.

எதிரணியில் பேசியவர் என் நண்பர். சீன மொழி பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் அகராதியைத் தொடவே இல்லை. “பதிலைப் படித்தாய், கேள்வியைப் படித்தாயா?” என்று கேட்டுவிட்டு, ஜூன் மாதக் கடிதத்தை எடுத்து வாசித்தார். அதில் பூலாவ் பீசாங் என்ற இன்னொரு தீவைப் பற்றியும் ஒரு குறிப்பு இருக்கிறது. அங்கேயும் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. 1900ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி விளக்கத்துக்காக நிலம் கொடுக்கப்பட்டாலும், தீவின் இறையாண்மை ஜொகூரிடமே இருக்கிறது, அதில் குழப்பமில்லை என்று கடிதமே சொல்கிறது. அப்படியானால் பெட்ரா பிராங்காவின் நிலை என்ன என்பதுதான் கேள்வி. கேட்டவர் கடல் எல்லைக்காகக் கேட்கிறார், நிலப்பட்டாவுக்காகக் கேட்கவில்லை. இறையாண்மையைப் பற்றி ஒருவர் கேட்டு, இன்னொருவர் ‘ஓனர்ஷிப்’ என்று பதில் சொன்னால், அந்தப் பதில் எதைப் பற்றியது?

நீதிமன்றமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனது. உடைமையும் இறையாண்மையும் கொள்கை அளவில் வெவ்வேறு என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனால் அனைத்துலக வழக்குகளில் முதல் சொல்லை இரண்டாவதன் பொருளில் ஆண்டதும் உண்டு என்றது. கேள்வியோடு சேர்த்துப் படித்தால், ஜொகூரின் பதில் இறையாண்மையைப் பற்றியதே என்று முடிவு செய்தது. அந்தத் தீவு தொடக்கத்தில் ஜொகூர் சுல்தானகத்துக்கே உரியது என்ற மலேசியாவின் வாதத்தையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அந்த உரிமை பிறகு கைமாறியது எப்படி என்பதை விளக்கும்போதுதான் 1953ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு முக்கிய இடம் கிடைத்தது.

ஒரு சொல் மட்டுமே தீவைக் கொடுத்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. 1953க்குப் பிறகு அந்த வட்டாரத்தில் நடந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது; தீவுக்கு வர விரும்பிய மலேசிய அதிகாரிகளுக்கே அனுமதி வழங்கியது; அங்கே தகவல்தொடர்புச் சாதனங்களைப் பொருத்தியது. மலேசியாவே 1962க்கும் 1975க்கும் இடையில் வெளியிட்ட சில வரைபடங்களில் தீவின் பெயர் அருகே சிங்கப்பூர் என்று குறிக்கப்பட்டிருந்தது. இவை எல்லாம் சேர்ந்தே தீர்ப்பானது. 2008 மே 23ஆம் தேதி, 12க்கு 4 என்ற கணக்கில் பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கு என்று தீர்ப்பு வந்தது. அருகிலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்குப் போனது. கடல் வற்றும்போது மட்டும் தெரியும் சவுத் லெட்ஜ், எந்த நாட்டுக் கடற்பகுதியில் அமைகிறதோ அந்த நாட்டுக்கு என்று விடப்பட்டது.

விவகாரம் அதோடு ஓயவில்லை. 2017இல் மலேசியா தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரியது, பிறகு விளக்கம் கேட்டும் விண்ணப்பித்தது. ஆட்சி மாறியபின் 2018 மே மாதம் இரண்டையும் மீட்டுக்கொண்டது. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2024 டிசம்பரில் மலேசிய நாடாளுமன்றத்தில் தாக்கலானது. கரையின் இரு பக்கமும் செய்தித்தாள்களில் பத்து பூத்தே மறுபடியும் தலைப்புச் செய்தியானது அப்போதுதான். அந்த வாரத்தில் என் கைப்பேசிக்கு வந்த தமிழ்க் குறிப்புகள் பெரும்பாலும் கேட்ட கேள்வி, தீவு யாருக்குச் ‘சொந்தம்’ என்பது. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வகுப்பில் ஒரு மாதம் நான் முட்டி மோதிய வேறுபாடு அந்த ஒரு சொல்லில் காணாமல் போயிருந்தது. ‘சொந்தம்’ உடைமையையும் சொல்லும், உறவையும் சொல்லும், உரிமையையும் சொல்லும். அன்பான சொல், ஆனால் எல்லைத் தகராறுக்கு ஆகாது.

வகுப்பில் நான் தோற்றேன் என்பதை அப்பாவிடம் மகிழ்ச்சியோடு தெரிவித்தேன். என் தவறு, இரண்டு சொற்களுக்கும் வேறுபாடு உண்டு என்று நினைத்ததில் இல்லை. அந்த வேறுபாடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நினைத்ததில் இருந்தது. நீல நோட்டு வைத்திருந்த காலத்தில், பொருள் ஒன்று என்றால் எங்கும் ஒன்று என நம்பினேன். பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்து, வேறு என்றால் எங்கும் வேறு என நம்பினேன். யார் எழுதினார்கள், எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதினார்கள் என்பதை இரண்டு முறையும் பார்க்கவில்லை.

பருவநிலை மாநாடுகளில் இதே விளையாட்டு வேறு வடிவத்தில் நடக்கிறது. 2015 டிசம்பர் 12ஆம் தேதி பாரிஸ் உடன்பாடு நிறைவேற இருந்த கடைசி நேரத்தில் கூட்டம் தடைப்பட்டது. பணக்கார நாடுகள் கரிம வெளியேற்றத்தைக் குறைப்பதில் முன்னணி வகிக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவில் ‘ஷல்’ என்ற சொல் இருப்பதை அமெரிக்கத் தரப்பு கவனித்துவிட்டது. ‘ஷல்’ என்றால் சட்டப்படியான கடமை; அதற்கு அமெரிக்க செனட்டின் ஒப்புதல் தேவைப்படலாம், அது கிடைக்காது. ‘ஷுட்’ என்றால் வேண்டுகோள்தான். எழுத்துத் திருத்தங்களின் பட்டியலில் ஒன்றாக அந்த மாற்றமும் வாசிக்கப்பட்டது, மாநாடு கைதட்டியது. இரண்டையும் தமிழில் எழுதச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் ‘வேண்டும்’ என்றே எழுதுவோம்.

ஆனால் தமிழ் எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டின் இறுதி நிமிடங்களில், நிலக்கரி பற்றிய வரியில் ‘ஃபேஸ் அவுட்’ என்றிருந்ததை இந்தியா ‘ஃபேஸ் டவுன்’ என்று மாற்றச் சொன்னது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா அதற்காக மன்னிப்புக் கேட்கும்போது குரல் தழுதழுத்தது. ஆங்கிலத்தில் வால் மட்டும்தான் மாறியது. வேகமாகப் படித்தால் கண்ணில்கூடப் படாது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஒன்று ‘படிப்படியாக ஒழிப்பது’, மற்றொன்று ‘படிப்படியாகக் குறைப்பது’. இங்கே ஒளிந்துகொள்ள இடமே இல்லை. (இந்தியாவின் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டுவிட்டு நிலக்கரியை மட்டும் குறிவைத்தால், அதை நம்பி இருக்கும் ஏழை நாடுகள்தான் முதலில் அடிபடும். அது தனிக் கட்டுரை.)

மொழிபெயர்ப்பில் ஒரு சொல் மங்குவதை நாடுகள் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. 2001 ஏப்ரல் 1ஆம் தேதி ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க வேவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி உயிரிழந்தார். ஹைனானில் தரையிறங்கிய அமெரிக்க விமானத்தின் 24 ஊழியர்களைச் சீனா தடுத்து வைத்தது. சீனா கேட்டது மன்னிப்பு. மன்னிப்புக் கேட்டால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அமெரிக்கா மறுத்தது. ஏப்ரல் 11ஆம் தேதி வந்த அமெரிக்கக் கடிதத்தில் ‘ரிக்ரெட்’ இருந்தது, இரண்டு இடத்தில் ‘வெரி சாரி’ இருந்தது. ‘அப்பாலஜி’ என்ற சொல் இல்லை. சீனா தன் மக்களுக்கு அதை அறிவித்தபோது, மன்னிப்பு என்ற பொருளுக்கு மிக அருகில் நிற்கும் ஒரு சீனச் சொற்றொடரைப் பயன்படுத்தியது. அமெரிக்கர்கள் ‘நாங்கள் வருத்தம்தான் தெரிவித்தோம்’ என்றார்கள். சீனர்கள் ‘அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்’ என்றார்கள். ஊழியர்கள் வீடு திரும்பினார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம் என்று எனக்குச் சில நேரம் ஆசை வரும்.

பொதுத்தாளுக்கோ பல்கலைக்கழகக் கட்டுரைக்கோ நாட்டுநடப்பைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதை எழுதும்போது நீல நோட்டு இருக்கட்டும். ‘சேட்’ என்ற சொல்லே எட்டு முறை வந்தால் வாசிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் உடன்பாட்டையோ தீர்மானத்தையோ பற்றி எழுதும்போது, மூலத்தில் இருக்கும் சொல்லை அப்படியே எடுத்து, பத்து முறை வந்தாலும் பத்து முறையும் அதையே எழுதுங்கள். செய்தி நிறுவனங்களின் கட்டுரைகளிலும்கூட இரண்டாவது பத்தியில் ‘சீஸ்ஃபயர்’ ‘ட்ரூஸ்’ ஆகிவிடுகிறது. செய்தியாளர்களும் நம்மைப்போல் அதே விதியில் வளர்ந்தவர்கள்தானே. ஐநா தீர்மானங்களின் முழு வாசகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2728ஆம் தீர்மானம் ஒரு பக்க அளவுதான். பெட்ரா பிராங்கா தீர்ப்பு நீளமானது, ஆனால் 1953ஆம் ஆண்டுக் கடிதங்களைப் பற்றிய பகுதியை மட்டும் ஒரு மாலையில் படித்துவிடலாம்.

இரு மொழியில் படித்த நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல் வழுக்கிக்கொண்டு போகும்போது அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். தமிழில் எழுதத் தடுமாறினால், பெரும்பாலும் நம் தமிழ் போதாமல் அல்ல. அந்த ஆங்கில வாக்கியம் எதையோ மறைக்கிறது. சில நேரம் உண்மையிலேயே நம் தமிழ்தான் போதவில்லை என்பதும் தெரியவரும். எனக்கு இரண்டும் நடக்கின்றன.

2025 அக்டோபர் 10ஆம் தேதி காஸாவில் மறுபடியும் ‘சீஸ்ஃபயர்’ வந்தபோது, பாட்டி அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார். அந்த முறை நான் ‘போர்நிறுத்தம்’ என்று சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்து, “சுடுறத நிப்பாட்டி வச்சிருக்காங்க பாட்டி. எப்படி முடிக்கிறதுன்னு இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க” என்றேன்.

“இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.